பி.எஸ்./எம்.டி. இடமா, பேர்பெற்ற கல்லூரியா: மே 1-க்குள் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் முதல் வாரம். மேசைமேல் இரண்டு கடிதங்கள். ஒன்று பி.எஸ்./எம்.டி. திட்டத்தில் இடம்: பள்ளி முடித்த கையோடு இளங்கலையும் மருத்துவமும் சேர்ந்தே கிடைக்கும். மற்றது ஊரறிந்த பெரிய கல்லூரியில் இளங்கலை இடம் மட்டும். அதை முடிக்கும்போது மருத்துவக் கல்லூரிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மே 1-க்குள் ஏதாவது ஒன்றுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

நியூஜெர்சியில் இருக்கிறேன். என் மகளுக்காக ஒரு முறை இதை முழுதாகச் செய்தேன். அப்புறம் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்காக உட்கார்ந்து பார்த்தாயிற்று. பெரும்பாலும் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கல்லூரியின் பெயரை முதலில் பார்க்கிறார்கள், நிபந்தனையைக் கடைசியில் படிக்கிறார்கள், எட்டு வருடச் செலவைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. கீழே உள்ள வரிசை அதைத் திருப்பிப் போடுவதற்காகத்தான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: திட்டத்தின் நிபந்தனைகள் எழுத்தில் (இணையப் பக்கம் மட்டும் போதாது, உங்களுக்கு வந்த கடிதமும் வேண்டும்), இரண்டு இடங்களின் நிதியுதவிக் கடிதங்கள், பிள்ளையின் குடியேற்ற நிலை பற்றிய ஆவணங்கள், பள்ளியில் படித்தபோதே ஏதாவது கல்லூரிப் பாடம் எடுத்திருந்தால் அதன் ட்ரான்ஸ்க்ரிப்ட்.

1. முதலில் விசா

பிள்ளை குடிமகன் அல்லது க்ரீன் கார்டு உள்ளவர் என்றால் நேரே அடுத்த படிக்குப் போகலாம். ஹெச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) இருந்தால் இங்கேயே நிற்க வேண்டும்.

பெரும்பாலான பி.எஸ்./எம்.டி. திட்டங்கள் குடிமக்களையும் க்ரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பவை குறைவு. எடுக்கும் சிலவும் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்லும். ஹெச்-4 பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரைச் சார்ந்த விசா முடிந்துவிடும். பதினெட்டில் கல்லூரி சேர்கிற பிள்ளைக்கு அது மூன்றாம் வருடத்தில் வரும், அதாவது மருத்துவப் படிப்புக்குள் நுழைவதற்கு முன்பே. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான க்ரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று இதைப் படிக்கிற பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வயதைக் கணக்கிடுவதில் சட்டம் சில சலுகைகள் தருகிறது. அவை உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள். இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம், ஒரு வீட்டில் மற்ற எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டு, கடைசியில் இது ஒன்றாலேயே எல்லாம் வீணானதைப் பார்த்தேன். மூன்று வாரம் போனது.

2. பன்னிரண்டாம் வகுப்பு இனிமேல்தான் என்றால், எர்லி டிசிஷன் பற்றி

கடிதங்கள் வந்துவிட்டவர்கள் இதைத் தாண்டலாம். அடுத்த ஆண்டுக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டும்.

எர்லி டிசிஷனில் விண்ணப்பித்து இடம் கிடைத்தால் அங்கே சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். அதன் முடிவு டிசம்பர் நடுவில் வரும். பி.எஸ்./எம்.டி. நேர்காணல்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், முடிவுகள் மார்ச், ஏப்ரலில். ஆக, நவம்பரில் ஒரு பெரிய கல்லூரிக்கு எர்லி டிசிஷன் போட்ட அன்றே, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். அது தவறான முடிவு என்றில்லை. தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். கட்டுப்படுத்தாத எர்லி ஆக்‌ஷன் இருக்கும் கல்லூரிகளில் இந்தச் சிக்கல் இல்லை.

3. கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ‘உத்தரவாதமான இடம்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு திட்டத்திலும் எடை வேறு. அந்த எடையை அளக்க ஒரு தராசு வேண்டும். சாதாரண வழியில் எம்.டி. சேர்கிறவர்களின் சராசரியை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்: மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 511-512 வாக்கில், ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) ஏறக்குறைய 3.8. அண்மை ஆண்டுகளில் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் சேர்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த ஆண்டு எங்கும் இடமில்லை.

இப்போது உங்கள் கடிதத்தை எடுங்கள்.

எம்கேட் எழுதச் சொல்கிறதா? மொத்த மதிப்பெண்ணுக்கு மட்டும் வரம்பா, நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியாகவா? கடிதம் 512 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வழியில் சேர்கிற பிள்ளை எடுக்கும் சராசரியும் அதுதான். அந்த மதிப்பெண் எடுக்க முடிந்த பிள்ளைக்கு உத்தரவாதமே இல்லாமலும் நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் அந்தக் கடிதத்துக்கு எடை குறைவு. மாறாக, எம்கேட்டே வேண்டாம், ஜி.பி.ஏ. 3.5 போதும் என்றால் அதுதான் உண்மையான பாதுகாப்பு. ரோட் ஐலண்டில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.இ. எட்டாண்டுத் திட்டத்தில் எம்கேட் கிடையாது, எந்தப் பாடத்தையும் முதன்மையாக எடுக்கலாம். பழம்பெரும் எட்டுப் பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீகில் இப்படி ஒரு திட்டம் அது ஒன்றுதான். அங்கே இடம் கிடைத்தவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாகத் தேவைப்படாது.

ஜி.பி.ஏ. எதில்? மொத்தத்திலா, அறிவியல் பாடங்களில் தனியாகவா? ஒவ்வொரு வருட முடிவிலும் பார்ப்பார்களா, கடைசியில் மட்டுமா? ஒரு செமஸ்டர் கீழே போனால் மீள அவகாசம் உண்டா, அன்றோடு இடம் போய்விடுமா? கரிம வேதியியலில் முதல் முறையாக பி மைனஸ் வாங்கிய பிள்ளைக்கு இந்த ஒரு வரிதான் தூக்கத்தைத் தரும் அல்லது கெடுக்கும்.

வெளியே விண்ணப்பிக்கலாமா? சில திட்டங்களில் வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாலே கையில் உள்ள இடம் போய்விடும். சிலவற்றில் வைத்துக்கொண்டே முயலலாம். இரண்டாவது வகை என்றால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு, ஒப்பீடே மாறிவிடும்.

எத்தனை வருடம்? நியூயார்க் மாநிலத்தில் ஆர்.பி.ஐ.யும் (ரென்சலேயர் பாலிடெக்னிக்) ஆல்பனி மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்துவது ஏழு வருடம். மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் ஆறு வருடம். ஒரு வருடம் குறைந்தால் ஒரு வருடக் கட்டணம் மிச்சம், ஒரு வருடச் சம்பளம் கூடுதல். ஆனால் அந்த வருடம் எங்கேயோ இருந்து எடுக்கப்படுகிறது, பெரும்பாலும் கோடை விடுமுறைகளிலிருந்து. இன்னொன்றையும் கேளுங்கள்: இளங்கலைப் பட்டம் எப்போது கைக்கு வரும்? சில ஏழாண்டுத் திட்டங்களில் மருத்துவ முதல் வருடம் முடிந்த பிறகுதான். நடுவில் மனம் மாறினால் பட்டத்துக்காக மேலும் ஒரு வருடம் உட்கார வேண்டியிருக்கும்.

திட்டம் நின்றுவிட்டால்? நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக நடத்திய ஹெச்.பி.எம்.இ. என்ற இதே வகைத் திட்டத்துக்கே புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டுவிட்டது. இப்படி நிறுத்தும்போது ஏற்கெனவே சேர்ந்தவர்களின் இடம் என்னவாகும் என்று கடிதம் சொல்கிறதா பாருங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, தொலைபேசியில் கேட்டுத் திருப்தியடைவது. மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். பிள்ளை கேட்பது நல்லது. அப்பா அம்மா கேட்டால் கல்லூரிக்காரர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், நல்ல விதமாக அல்ல.

4. பிள்ளையிடம் இரண்டு கேள்விகள், தனித்தனியாக

இதைக் கடிதம் படித்த பிறகு செய்யுங்கள். முன்பே கேட்டால் பதில் கல்லூரியின் பெயருக்குத்தான் வரும்.

முதல் கேள்வி, பி.எஸ்./எம்.டி. பக்கம்: “நாலு வருஷம் கழிச்சு உனக்கு இந்த ஒரே மருத்துவக் கல்லூரியில் மட்டும்தான் இடம் கிடைக்குதுன்னு வைச்சுக்கோ. சந்தோஷமாப் போவியா?”

இரண்டாவது, பெரிய கல்லூரியின் பக்கம்: “டாக்டர் ஆகலைன்னாலும் அந்தக் கல்லூரியில் படிச்சது உனக்குப் பயன்படுமா? என்ன படிச்சிருப்பே?”

இரண்டாம் கேள்விக்கு உடனே கண்கள் மின்னி, பொருளாதாரம், கணினி, வரலாறு என்று பேச ஆரம்பிக்கிற பிள்ளைக்கு மருத்துவம் பல ஆசைகளில் ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படிப் பேசினான். பெரிய கல்லூரிக்குப் போனான். இரண்டாம் வருடமே மருத்துவத்தை விட்டுவிட்டுப் பொருளாதாரம் எடுத்தான், நன்றாக இருக்கிறான். ஏழாண்டுத் திட்டத்தில் இருந்திருந்தால் அந்தக் கதவு திறப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. அதே கேள்விக்குத் தோளைக் குலுக்கிவிட்டு, “நர்ஸிங்கோ, பி.ஏ. (ஃபிஸிஷியன் அசிஸ்டன்ட்) படிப்போ, எப்படியாவது ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன்” என்று சொன்னவள் என் மகள். அவளுக்குப் பெரிய கல்லூரியின் பரந்த வாய்ப்புகளால் என்ன லாபம்?

பெற்றோர் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்காதீர்கள். ஒருவர் மட்டும், காரில் போகும்போது கேளுங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் உண்மை வரும்.

5. ‘எங்கள் மாணவர்களில் தொண்ணூறு சதவீதம்’ என்றால் எதில்?

பெரிய கல்லூரிகள் பல இப்படி ஒரு எண்ணைச் சொல்லும். எண் பொய்யாக இருக்காது. கேட்க வேண்டியது, யாரை எண்ணினார்கள் என்பது.

பல கல்லூரிகளில் ப்ரீ-மெட் (மருத்துவம் சேரத் தயாராகும் மாணவர்களுக்கான) குழு ஒன்று மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் தரும். சில இடங்களில் மதிப்பெண் குறைந்தவருக்கு அந்தக் கடிதம் கிடைக்காது அல்லது ‘ஒரு வருடம் பொறு’ என்பார்கள். அவர் கணக்கில் வரமாட்டார். முதல் வருடம் வேதியியல் வகுப்பில் உட்கார்ந்து, இரண்டாம் வருடம் விட்டுப் போனவர்களும் வரமாட்டார்கள். ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: முதல் வருடம் ப்ரீ-மெட் என்று சொல்லிக்கொண்டவர்களில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பித்தார்கள்? விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் படிப்பு முடிந்த உடனே சேர்ந்தார்கள்? இப்போது மருத்துவம் சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இடையில் ஒரு வருடமாவது விட்டுத்தான் சேர்கிறார்கள். நான்கும் நான்கும் எட்டு என்று போட்ட கணக்கு ஒன்பது, பத்து ஆவது சாதாரணம்.

மதிப்பெண் போடும் முறையும் முக்கியம். பிரின்ஸ்டனில் 2004 முதல் 2014 வரை ‘ஏ’ தரத்துக்கு அளவு வைத்திருந்தார்கள், பிறகு கைவிட்டார்கள். விதி இல்லாத இடங்களிலும் தொடக்க அறிவியல் வகுப்புகள் கடுமையாக இருக்கலாம். நாட்டின் மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து 3.8 எடுப்பது எப்படி என்று யோசியுங்கள். கல்லூரிப் பெயருக்காக மருத்துவக் கல்லூரிகள் ஜி.பி.ஏ.யில் பெரிதாக விட்டுக்கொடுக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. நான் அதை நம்பிப் பணம் கட்ட மாட்டேன்.

ஒரு சிறு எச்சரிக்கை: எம்.டி. விண்ணப்பத்துக்கான ஆம்காஸ் முறை, பள்ளிக் காலத்தில் கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடங்களின் மதிப்பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும். திரும்ப எழுதினால் பழையதை அழிக்காது, இரண்டையும் எண்ணும். பத்தாம் வகுப்பில் விளையாட்டாக எடுத்த கால்குலஸில் ‘சி’ இருந்தால் அது கூடவே வரும்.

6. எட்டு வருடக் கணக்கு, ஒரே தாளில்

நான்கு வருடத்தை மட்டும் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மருத்துவ நான்கு வருடத்துக்கு ‘லோன் இருக்கிறதே’ என்கிறார்கள். அந்த லோன் மாறிவிட்டது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, இளங்கலைக்கு மேல் படிக்கிறவர்களுக்கான அரசுக் கடனான கிராட் பிளஸ் கிடையாது. முன்பு அது மருத்துவப் படிப்பின் முழுச் செலவையும் ஈடுகட்டியது. இனி மருத்துவம் போன்ற தொழில்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான். இளங்கலைக்குப் பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது.

ஒரு மாதிரிக் கணக்கு. பெரிய தனியார் கல்லூரியில் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 90,000 டாலர் என்றால் நான்கு வருடத்துக்கு 3.6 லட்சம். ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தரும். கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருக்கும் வீட்டுக்கு அதில் பெரிதாக ஒன்றும் வராது. பி.எஸ்./எம்.டி. இடம் மாநிலக் கல்லூரியில், ஆண்டுக்கு 35,000 என்று வைத்தால் 1.4 லட்சம். வித்தியாசம் 2.2 லட்சம்.

அப்புறம் மருத்துவம். ஆண்டுக்கு 90,000 ஆகும் இடத்தில் அரசுக் கடன் 50,000 போக மீதி 40,000-ஐ யாராவது தர வேண்டும். நான்கு வருடத்துக்கு 1.6 லட்சம். சேமிப்பு முழுவதும் இளங்கலையிலேயே கரைந்துவிட்டால், அந்தப் பணத்துக்குத் தனியார் வங்கியில் உங்கள் கையெழுத்தோடு கடன் வாங்க வேண்டும். மேலே மிச்சமான 2.2 லட்சம் இருந்தால் அந்தக் கையெழுத்தே தேவையில்லை. எங்கள் வீட்டில் முடிவைத் திருப்பியது இந்த ஒரு வரிதான். எண்களை உங்கள் கடிதங்களில் உள்ளபடி மாற்றிப் போட்டுப் பாருங்கள். நிதியுதவி நன்றாக வந்திருந்தால் பெரிய கல்லூரியே மலிவாக முடியும்.

மறுபக்கமும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018 முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. 2024-ல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ், 3 லட்சம் டாலருக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கட்டணமில்லை என்றது. வெளியே விண்ணப்பிக்க முடியாத திட்டத்தில் சேர்ந்தால் இவை உங்களுக்கு மூடிய கதவுகள். ஆனால் அவற்றில் இடம் கிடைப்பதை நம்பித் திட்டம் போடுவது லாட்டரிச் சீட்டை வைத்து வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது மாதிரி.

டெக்சஸ்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே அரசு மருத்துவக் கல்லூரிகளில் 90 சதவீத இடம் மாநிலத்தவருக்கு என்பது சட்டம். அப்படிப்பட்ட ஊரை விட்டு வெளி மாநில பி.எஸ்./எம்.டி.க்குப் போகுமுன் இரண்டு முறை யோசியுங்கள். கலிஃபோர்னியாவில் நிலைமை தலைகீழ்: பிள்ளைகள் ஏராளம், இடங்கள் குறைவு. அங்கிருந்து வருகிறவர்களுக்கு வெளி மாநில உத்தரவாதத்துக்குக் கூடுதல் எடை.

7. நேரில் போங்கள், மூன்றாம் வருட மாணவரைத் தேடுங்கள்

வரவேற்பு நாளில் அலுவலகத்தார் பேசுவார்கள், சிற்றுண்டி தருவார்கள். அவர்களிடம் கேட்டு அறிவதற்கு அதிகமில்லை. நாங்கள் போன ஒரு கல்லூரியில் “ஏறக்குறைய எல்லோருமே மருத்துவப் படிப்புக்குப் போய்விடுகிறார்கள்” என்றார்கள். மதிய உணவு நேரத்தில் என் மகள் மூன்றாம் வருட மாணவி ஒருத்தியோடு பேசினாள். “எங்க பேட்ச்ல பன்னிரண்டு பேர் சேர்ந்தோம், இப்ப எட்டுப் பேர் இருக்கோம்” என்றாள் அவள். இரண்டு பேர் மதிப்பெண்ணால், இரண்டு பேர் விருப்பத்தால். அலுவலகம் ஒருவேளை எட்டுப் பேரைத்தான் ‘எல்லோரும்’ என்றதோ என்னவோ.

மருத்துவக் கல்லூரி வளாகத்தையும் போய்ப் பாருங்கள். பலர் இளங்கலை வளாகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிள்ளை முழு நேரமும் மருத்துவம் படிக்கப்போகும் நான்கு வருடம் அங்கேதான். அங்கே முடித்தவர்கள் எந்தெந்தத் துறைகளில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) பெற்றார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முதல் கட்ட உரிமத் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து வெறும் தேர்ச்சி, தோல்வி மட்டும். அதனால் ரெசிடென்சி தேர்வில் மருத்துவக் கல்லூரியின் பெயருக்கும் இரண்டாம் கட்டத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் அழுத்தம் கூடியிருக்கிறது. இளங்கலைக் கல்லூரியின் பெயரை அந்தக் கட்டத்தில் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

8. நடுவில் ஒரு வழி

பெரிய கல்லூரியின் பக்கம் மனம் சாய்ந்தால், ‘எர்லி அஷ்யூரன்ஸ்’ என்ற வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே மருத்துவ இடத்துக்கு விண்ணப்பிக்கும் முறை இது. நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் நடத்தும் ஃப்ளெக்ஸ்மெட் திட்டத்துக்கு எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம், எம்கேட் வேண்டாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இதற்கென்றே முதல் வருட மதிப்பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

9. மே 1: ஒன்றுக்கு மட்டும் பணம்

இரண்டு கல்லூரிக்கும் முன்பணம் கட்டிவிட்டுக் கோடையில் யோசிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். செய்யாதீர்கள். கண்டுபிடித்தால் இரண்டும் போகலாம். வெயிட்லிஸ்டில் இருந்துகொண்டு வேறொன்றுக்குப் பணம் கட்டுவது தவறில்லை. பி.எஸ்./எம்.டி. வெயிட்லிஸ்ட் மே மாதத்தில் கொஞ்சம் நகரும். அதில் இருக்க விருப்பம் என்று பிள்ளை ஒரு சிறு மின்னஞ்சல் எழுதட்டும்.

வேண்டாம் என்று முடிவான இடத்துக்கு அன்றே சொல்லிவிடுங்கள். பத்து இருபது இடமே உள்ள திட்டம் என்றால், உங்கள் ஒரு பதிலுக்காக வேறு ஒரு வீட்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பி.எஸ்./எம்.டி.க்குச் சரி சொன்னால், அன்றைய தேதியில் இணையத்தில் உள்ள நிபந்தனைப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள், கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். அந்தப் பக்கங்கள் ஆண்டுதோறும் மாறும். சேர்ந்த ஆண்டின் நிபந்தனைதான் உங்களுக்கு என்று பின்னால் வாதாட அது வேண்டும். பிள்ளையின் மடிக்கணினியில் மட்டும் வைக்காதீர்கள். எங்கள் வீட்டு மடிக்கணினி முதல் செமஸ்டரிலேயே காபி குடித்துவிட்டது.